மீட்டரில் ஏறிய ஆறு

ஏற்காட்டின் இருபது வளைவுகளிலும்
பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கியதில்
விரல்கள் மடங்கியது மடங்கியபடி.
சேலத்தில் டீ டம்ளரை
ஹேண்டில்பார் என்று நினைத்துக்கொண்டன.

எடப்பாடி தாண்டும்வரை தெருவுக்குத் தெரு தறிச் சத்தம்.
அந்தத் தாளத்துக்கே மிதித்திருக்கிறேன்,
சத்தம் நின்றதும் கால் தடுமாறியபோதுதான் தெரிந்தது.
பிறகு கரும்பு. பிறகு வாழை.
பிறகு பூலாம்பட்டியில்
சாலை முடிந்துபோனது.
அறிவிப்பு ஒன்றுமில்லை.
நான்கைந்து படி இறங்கி
தண்ணீருக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

"கதவணை மேல வேலை நடக்குது. படகுதான்" என்றார் செங்கோடன்.
ஆளுக்குப் பத்து. சைக்கிளுக்குப் பதினைந்து.
அதற்கு மட்டும் ஏன் கூட?
"அது உக்காராதுல்ல."

பைகளைக் கழற்றவில்லை,
கழற்றினால் மறுபடி கட்ட அரை மணி.
அப்படியே தூக்கினோம், அவர் முன்னால், நான் பின்னால்.
சங்கிலி என் கெண்டைக்காலில்
கறுப்பாக ஒரு பல்வரிசை பதித்தது.

தவிட்டு மூட்டைகள், ஒரு கேஸ் சிலிண்டர்,
வறுத்த மீன் பொட்டலத்தைப் பிரிக்காமல் மோந்து மோந்து பார்க்கும் இரண்டு பையன்கள்.
கக்கத்தில் பழுப்பு உறையோடு ஒருவர்.
அந்த உறையை எனக்குத் தெரியும்.
எக்ஸ்ரே அறையில் பதினோரு வருடமாக
அதன் மேல் பெயர் எழுதுகிறேன்.
எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்தில்லை.
ஏனோ நிம்மதி.

கதவணை அடைத்திருந்ததால்
காவிரி ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தது,
சந்தையில் யாருக்கோ காத்திருப்பவளைப் போல.
நெருஞ்சிப்பேட்டை மேல் வெயில் சாய்ந்திருந்தது.
மூட்டைமேல் சாய்ந்திருந்த சைக்கிள்
பிறந்ததிலிருந்து முதல்முறையாக
தான் ஒன்றும் செய்யாமலே போய்க்கொண்டிருந்தது.

"தனியாவா வந்தே கண்ணு?"
தார் சுற்றும் வேலை அவளுக்கு, எடப்பாடியில்.
தினம் இந்தப் படகில் போய்வருகிறாள். பெயர் பாவாயி.
"எத்தன கிலோமீட்டரு ஆச்சு?"
மீட்டரைக் காட்டினேன். 87.4.
நடு ஆற்றில் மறுபடி எட்டிப் பார்த்தாள். 87.4.
"ஏன், ஆறு சேராதா?"
சக்கரம் சுற்றினால்தான் சேரும் என்றேன்.
கம்பியில் கட்டிய காந்தத்தைக் காட்டினேன்,
ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒரு தடவை
முன்கவையைக் கடப்பதைச் சொன்னேன்.

"அடக் கெரகமே!"

கேட்கவில்லை, கொள்ளவில்லை.
இடது கையால் முன்பக்கத்தைத் தூக்கினாள்,
வலது கை ஆள்காட்டி விரலால்
டயரைத் தட்டிவிட்டாள்.
ஒரு நூல்கூட அறாத பழக்கம் அந்த விரலுக்கு.
இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு,
கண் அந்தப் பக்கம் கரையில்.
ஏற்காட்டுச் செம்மண் துகள் துகளாய் உதிர்ந்து
தவிட்டு மூட்டை மேல் விழுந்தது.
87.5.
மீன் பையன்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.
87.9.
செங்கோடன் மோட்டாரை மட்டுப்படுத்தினாரா,
எனக்கு அப்படித் தோன்றியதா, தெரியவில்லை.
உறைக்காரர் எண்களை உரக்கப் படிக்க ஆரம்பித்தார்,
"எட்டு... ஒம்பது... ஆச்சு, எம்பத்தொம்பது!"

கரை தட்டியபோது 89.2.
கறுத்த விரலைப் புடவையின் உள்மடிப்பில் துடைத்துக்கொண்டு
தூக்குவாளியை எடுத்தாள்.
"பத்திரமாப் போ" என்றாள்,
என்னிடமா, அதனிடமா.

இரவு அம்மாபேட்டை லாட்ஜில் வரைபடத்தை விரித்து அளந்தேன்.
அந்த இடத்தில் ஆறு அரை கிலோமீட்டர்கூட இல்லை.
ஆக, கணக்குப்படி
போயிருக்கிறேன், திரும்பியிருக்கிறேன்,
மறுபடி போயிருக்கிறேன், இன்னும் கொஞ்சம்
வாழைத்தோப்புக்குள்ளும் மிதந்திருக்கிறேன்.

பூஜ்யமாக்கும் பொத்தான் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது.
நாளை பவானி.
கால் கழுவினேன்.
பல்வரிசை போகவில்லை.